உபதேசியாரை வைக்கோலில் கட்டிய நாள்

நீளமான ஒரு மரப்பெட்டி. அதற்குள் கழுத்து வரைக்கும் வைக்கோல். வைக்கோலுக்கு மேலே எங்கள் சபை உபதேசியார் மாசிலாமணி ஐயாவின் முகம் தெரிந்தது. நெற்றியில் வியர்வை, மீசையில் ஒரு வைக்கோல் துரும்பு, உதட்டில் சிரிப்பு.

பக்கத்தில் நின்ற அவர் மனைவி கிருபையம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதார். “ஐயோ, உசுரோட பொட்டியில வச்சிட்டாளுங்களே! சவப்பொட்டி மாதிரி இருக்குதே!”

“அடியே கிருபை, சவப்பொட்டிக்கு மூடி இருக்கும்டி. இதுக்கு எங்க இருக்குது? நல்லாப் பாரு” என்றார் உபதேசியார், உடம்பு அசையாமல்.

கோயில் வாசலில் கூடியிருந்த ஜனம் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நின்றது. நான் அவர் இடுப்புக்கும் பலகைக்கும் நடுவே வைக்கோலைச் செருகிக்கொண்டிருந்தேன். சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. எனக்குத் தலைக்கு மேல் வேலை இருந்தது.

அறுபதுகளின் கடைசியாக இருக்கலாம், எழுபதுகளின் தொடக்கமாகவும் இருக்கலாம். கிறிஸ்துமஸுக்கு முந்தின ஒரு சனிக்கிழமை. வருஷம் எது என்று யாரும் கேட்காதீர்கள். என் மூத்தவன் தவழ்ந்துகொண்டிருந்தான், எனக்குத் தெரிந்த கணக்கு அவ்வளவுதான்.

சூளைக்குப் பிறகு என்ன?

விருத்தாசலம் பீங்கான் என்றால் எல்லாரும் சூளையைப் பற்றியே கேட்கிறார்கள். போன வாரம் நானும் சூளையைப் பற்றித்தான் எழுதினேன். சூளைக்காரர்களுக்கு அதில் ஒரே பெருமை. என் வீட்டுக்காரரும் சூளைக்காரர்தான், அதனால் இந்தப் பெருமையை நான் தினமும் சோற்றோடு சேர்த்துப் பரிமாறியிருக்கிறேன்.

ஆனால் வெந்து இறங்கிய பொம்மையும், கரண்டுக் கம்பத்தில் மாட்டும் வெள்ளைக் குமிழும் தானாக நடந்தா மெட்ராஸுக்குப் போகும்? லாரியிலும் கூட்ஸ் வண்டியிலும் குலுங்கிக் குலுங்கிப் போய், ஒரு கீறல் இல்லாமல் இறங்க வேண்டும். அதற்கு நாங்கள் வேண்டும். பேக்கிங் ஷெட்டுப் பெண்கள்.

நல்லூர்ப் பக்கத்து கிராமத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள் நான். வைக்கோல் என்றால் மாட்டுக்குப் போடுவது என்று மட்டும்தான் தெரியும். அதற்கு இன்னொரு உபயோகம் உண்டு என்று காட்டியவள் தனக்கோடி அக்கா. காலையில் ஷெட்டுக்குள் வந்ததும் முதல் பிடி வைக்கோலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் வேலையைத் தொடங்குவாள். அதற்கப்புறம் அவள் வாய் மூடாது, கையும் நிற்காது.

சேத்தியாத்தோப்புப் பக்கமிருந்து வண்டி வண்டியாக வைக்கோல் வரும். லேசாகத் தண்ணீர் தெளித்துப் பதமாக்கி, கயிறு மாதிரி பிரியாக முறுக்கி, பொருளைச் சுற்றிக் கட்டி, பெட்டியில் இறக்கி, சந்து பொந்தெல்லாம் அடைக்க வேண்டும். கடைசியில் பெட்டியை ஆட்டிவிட்டுக் காதை வைத்துக் கேட்போம். உள்ளே ‘கட’ என்று ஒரு சத்தம் வந்தால் போச்சு, மொத்தத்தையும் பிரித்து மறுபடி கட்ட வேண்டும்.

“சத்தம் போடற பொட்டியும் சண்டை போடற புருசனும் ஊரு போய்ச் சேராது” என்பாள் தனக்கோடி அக்கா. இரண்டிலும் அவளுக்கு அனுபவம் உண்டு.

தாலந்து ஞாயிறு

எங்கள் சபையில் தாலந்து ஞாயிறு என்று ஒரு வழக்கம். வருஷத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவரவர் கைவேலையை, திறமையைக் கொண்டுவந்து ஆண்டவருக்குப் படைக்க வேண்டும். தையல்காரர் பீடத்துக்குத் துணி தைத்துக் கொண்டுவருவார். கொத்தனார் முந்தின நாளே வந்து சுவருக்கு வெள்ளை அடித்திருப்பார். பாடுகிறவர்கள் பாடுவார்கள், ஒருவர் வயலின் வாசிப்பார். தோட்டக்காரர் வீட்டிலிருந்து ஒரு கூடை கத்தரிக்காய் வரும்.

என்னிடம் என்ன இருந்தது? பாட வராது. நான்கு பேர் முன்னால் ஜெபம் பண்ணச் சொன்னால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். பூ வேலை, கோல வேலை ஒன்றும் தெரியாது. கடைசிப் பாயில் உட்கார்ந்து, முன்னால் போகிற ஒவ்வொருவரையும் பார்த்துப் புகைந்துகொண்டிருப்பேன். ஆண்டவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை, கோபம்தான். எல்லாருக்கும் பந்தி பரிமாறிவிட்டு என் இலைக்கு வரும்போது பாத்திரத்தைக் கவிழ்த்துக் காட்டினால் யாருக்குத்தான் கோபம் வராது?

ஒரு வருஷம் ஆராதனை முடிந்ததும் உபதேசியார் என்னிடம் வந்தார். சபையில் போதகருக்கு அடுத்தபடி எல்லாவற்றையும் ஓடியாடிப் பார்ப்பவர் அவர்தான். மணி அடிப்பார், ஞாயிறு பள்ளி நடத்துவார், காய்ச்சல் கண்ட வீட்டுக்கு முதலில் போய் நிற்பார்.

“எஸ்தரு, நீ இன்னாம்மா கொண்டாந்த?”

“எனக்கு வைக்கோல் திணிக்கத்தான் ஐயா தெரியும். அத்த எங்க கொண்டாந்து வைக்கிறது?” என்றேன், வெடுக்கென்று.

வேறு யாராக இருந்தாலும் ஒரு சின்னப் பிரசங்கம் செய்திருப்பார்கள். அவர் தாடையைத் தடவிக்கொண்டு யோசித்தார்.

“எனக்கும் தெரியலம்மா. அவருக்குத் தெரியும். பத்திரமா வச்சிரு” என்று சொல்லிவிட்டுப் பாய் சுருட்டப் போய்விட்டார். எனக்கு இன்னும் கோபம் வந்தது.

நட்சத்திரம் கட்டப் போனவர்

கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தை மூங்கில் பிளாச்சிலும் கலர் பேப்பரிலும் உபதேசியாரே செய்வார். கோயில் முகப்பின் உச்சியில் அவரேதான் ஏறிக் கட்டுவார். வேறு யாரையும் ஏணியைத் தொட விடமாட்டார்.

அந்தச் சனிக்கிழமை காலையில் பெண்கள் சிலர் கோயில் வளாகத்தைக் கூட்டிக்கொண்டிருந்தோம். இரண்டு நாள் மழை அப்போதுதான் விட்டிருந்தது, வாசல் தரையெல்லாம் பாசி. ஏணி வழுக்கியதை நான் பார்க்கவில்லை. சத்தத்தைத்தான் கேட்டேன். திரும்பிப் பார்த்தபோது அவர் படிக்கட்டின் மேல் மல்லாந்து கிடந்தார்.

தூக்க ஓடியவர்களை அவரே தடுத்தார். “தொடாதீங்க. முதுவுல என்னவோ ஆயிப்போச்சு.”

தெருக்கோடியில் இருந்த டாக்டரம்மா ஓடி வந்தார். தரையில் மண்டியிட்டு, கால் விரல்களை ஆட்டச் சொன்னார். இரண்டு பெருவிரலும் மெல்ல அசைந்தன. டாக்டரம்மா பெருமூச்சு விட்டுவிட்டு எழுந்து கிருபையம்மாவைத் தனியே அழைத்தார். நானும் கூடவே போனேன்.

“முதுகெலும்பு ஒடைஞ்சிருக்குதும்மா. ஆனா நரம்பு இன்னும் அறுந்துபோகல, அதான் விரல் ஆடுது. பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயே ஆகணும். வழியில குலுங்கி எலும்பு நகர்ந்துதுன்னா, அப்புறம் அவரு நடக்கவே முடியாது.”

ரயிலில் போனால் விழுப்புரத்தில் இறக்கி வேறு வண்டியில் ஏற்ற வேண்டும், அது ஆகாது என்றார். ஜீப்பில் நீட்டிப் படுக்க இடமில்லை. ரோடோ மழையில் குண்டும் குழியுமாகக் கிடந்தது. சுற்றி நின்றவர்கள் ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். சிலர் முழங்காலில் நின்று ஜெபித்தார்கள்.

நான் உபதேசியாரையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் புத்தி எங்கே போயிற்று தெரியுமா? இது உடையக்கூடிய சரக்கு, ரொம்ப தூரம் போக வேண்டும், மோசமான ரோடு, அசையாமல் போய் இறங்க வேண்டும். இந்த வேலையைத்தானே நான் தினமும் செய்கிறேன்!

“டாக்டரம்மா, நாங்க கட்டித் தரோம். அசையாம போவும்” என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது.

டாக்டரம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். பைத்தியமா என்று கேட்கவில்லை. “தலை, இடுப்பு, கால் மூணும் ஒரே நேரா நிக்குமா?” என்றுதான் கேட்டார்.

“நிக்கும்.”

“அப்போ நான் பக்கத்துல இருந்து சொல்லச் சொல்ல நீங்க செய்யுங்க.”

மூச்சு விடும் சரக்கு

தனக்கோடி அக்காவுக்கு ஆள் அனுப்பினேன். கைவண்டியில் வைக்கோலும் பெட்டிப் பலகைகளுமாக ஷெட்டே கிளம்பி வந்துவிட்டது. ஷெட்டு மேஸ்திரி ஒரு வார்த்தை மறுக்கவில்லையாம். பின்னாலேயே ஜமால் பாயின் லாரி வந்தது. மங்கலம்பேட்டைக்காரர், எங்கள் சரக்கை மெட்ராஸுக்கு ஏற்றிப் போகிறவர். பாதி ஏற்றியிருந்த பெட்டிகளை இறக்கி வைத்துவிட்டு வந்திருந்தார்.

“கேக்காமயே வந்துட்டீங்களே பாய்” என்றேன்.

“பொம்மை நாளைக்குப் போவும். மனுசன் நாளைக்குப் போவ முடியுமா?” என்றார்.

கனமான சரக்கைப் பெட்டிக்குள் இறக்க மாட்டோம். முதலில் அடிப்பலகை, அதன்மேல் சரக்கு, பிறகு அதைச் சுற்றிப் பெட்டி. அப்படியேதான் இப்போதும் செய்தோம். டாக்டரம்மா சொன்னபடி ஆண்கள் அவரை ஒரே கட்டையாக லேசாகச் சாய்க்க, வைக்கோல் பரப்பிய பலகையை அடியில் தள்ளினோம். பக்கப் பலகைகளுக்கு ஆணி அடிக்கவில்லை. சுத்தியல் அடி ஒவ்வொன்றும் முதுகில் போய் இறங்குமே! கயிறு போட்டு இறுக்கிக் கட்டினோம்.

அப்புறம் வைக்கோல். நானும் தனக்கோடி அக்காவும் ஆளுக்கு ஒரு பக்கம். கை பழகிய வேகத்தில் திணி திணி என்று திணித்தோம். குமிழ் கட்டுகிற மாதிரி, ஒரு நூல் இடம் விடாமல்.

“எஸ்தரு...” என்று ஈனசுரத்தில் ஒரு குரல். பார்த்தால் உபதேசியாரின் முகம் ரத்தமாய்ச் சிவந்திருக்கிறது. “மூச்சு...”

அதுவரை நாங்கள் கட்டிய சரக்கு எதுவும் மூச்சு விட்டதில்லை. மனுஷனுக்கு நெஞ்சு ஏறி இறங்க இடம் வேண்டும் என்பது எங்கள் இரண்டு பேர் மண்டைக்கும் ஏறவில்லை.

“எட்ரீ! எட்ரீ! மாருல இருக்கறத எட்ரீ!” என்று தனக்கோடி அக்கா அலறினாள். அள்ளி அள்ளி வெளியே போட்டோம். அவர் நீளமாக ஒரு மூச்சு விட்டார். எனக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது.

“குமிழு மாதிரி கட்டாத. பொம்மை மாதிரி கட்டு” என்றாள் அக்கா.

பொம்மைக்குக் கழுத்துதான் பலவீனம். அதனால் கழுத்தைத் தொட மாட்டோம். தலையின் இரண்டு பக்கமும் தோளும் இடுப்பும் கெட்டியாகப் பிடித்திருக்கும், நடுவில் வைக்கோல் லேசாக நிற்கும். அதே மாதிரி பிரித்துக் கட்டினோம். டாக்டரம்மா கையை விட்டுப் பார்த்துப் பார்த்து, இங்கே இன்னும் கொஞ்சம், அங்கே போதும் என்று சொல்லிக்கொண்டே வந்தார். பாதங்களை மட்டும் திறந்து விடச் சொன்னார். வழியெல்லாம் விரல் ஆடுகிறதா என்று பார்க்க வேண்டும்.

“உறுத்துதா ஐயா?” என்று கேட்டேன்.

“ஆண்டவரே வைக்கோல்லதான் படுத்தாரு. எனக்கு இன்னா கொறச்சல்?” என்றார். அப்போதுதான் கிருபையம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுததும், அவர் மூடியைப் பற்றிச் சொன்னதும்.

பழக்க தோஷம், தனக்கோடி அக்கா கரித்துண்டை எடுத்து பலகையில் மேல்நோக்கி ஓர் அம்புக்குறி போட்டு, ‘உடையும், ஜாக்கிரதை’ என்று எழுதிவிட்டாள். அதைப் படித்துக் காட்டியதும் கிருபையம்மா அழுகையினூடே சிரித்துவிட்டார்.

மங்கலம்பேட்டை தாண்டி

லாரித் தளம் முழுக்க வைக்கோல் மெத்தை. அதன்மேல் பெட்டி. முன் சீட்டில் டாக்டரம்மா. பின்னால் நான், தனக்கோடி அக்கா, கிருபையம்மா. அக்கா அவர் காலடியில் உட்கார்ந்துகொண்டு, “ஐயா, ஆட்டுங்க” என்பாள். இரண்டு பெருவிரலும் ஆடும். “ஆடுது, ஆடுது” என்று எங்களுக்குச் செய்தி சொல்வாள்.

லாரி ஓட ஓட வைக்கோல் அடங்கும். அது எங்களுக்குத் தெரியும். அதனால்தான் சரக்குக்கு மிதமிஞ்சித் திணிப்போம். மூச்சு விடுகிறவருக்கு அப்படிச் செய்ய முடியாதே. மங்கலம்பேட்டையில் நிறுத்தியபோது இடுப்புப் பக்கம் கையை விட்டேன், மணிக்கட்டு வரை உள்ளே போயிற்று. கொண்டுவந்த மூட்டையிலிருந்து எடுத்து அடைத்தோம். கடைத்தெருவில் டீ வந்தது. விஷயம் தெரிந்ததும் யாரோ தன் மாட்டுக்குப் போட்டிருந்த வைக்கோலை ஒரு கட்டு அள்ளிக்கொண்டு ஓடி வந்தார். மாடு என்ன நினைத்ததோ, அதற்கும் என் நன்றி.

ஊரைத் தாண்டி ரொம்ப தூரம் போகவில்லை. லாரி நின்றது. ஜமால் பாய் இறங்கி வந்தார். முகம் சரியில்லை.

“ரோட்டு மதகு ஒடைஞ்சுபோச்சு. பள்ளத்துல எறங்கித்தான் ஏறணும். நான் எவ்ளோ மெதுவா உட்டாலும் வண்டி நாலு பக்கமும் ஆடும்.”

பெட்டிக்குள் உபதேசியார் கண்ணை மூடிக்கொண்டார். கிருபையம்மா என் கையைப் பிடித்தார். உபதேசியார் நடப்பாரா, காலம் முழுக்கப் பாயில் கிடப்பாரா என்பது அந்தப் பள்ளத்தில்தான் இருந்தது.

மிச்சமிருந்த வைக்கோல் முழுவதையும் பெட்டியின் இரண்டு பக்கமும் அடைத்தோம். அப்படியும் பெட்டிக்கும் லாரியின் பக்கத்துக்கும் நடுவே இடம் இருந்தது. அடைக்க ஒன்றுமில்லை. தனக்கோடி அக்கா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, அவள் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் அந்தச் சந்துக்குள் இறங்கி, முதுகை லாரிக்கும் மாரைப் பெட்டிக்கும் கொடுத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டோம்.

நான்கு பேர் முன்னால் வராத ஜெபம் அப்போது சத்தமாக வந்தது. “ஆண்டவரே, இது நான் கட்டுன கட்டு. எனக்குத் தெரிஞ்சது இவ்ளோதான். உங்க கைய அடியில குடுங்க!”

லாரி முக்கி முனகி இறங்கியது. என் தோள் இரும்பில் போய் மோதியது. மறுபக்கம் சாய்ந்தபோது அக்கா ‘அம்மாடி’ என்று கத்தினாள். ஏறும்போது பெட்டி மொத்தமும் என் விலா எலும்பின் மேல் வந்து உட்கார்ந்தது. நான் விடவில்லை. பிறகு சக்கரம் சமதரையைத் தொட்டது.

“ஐயா, ஆட்டுங்க” என்றாள் தனக்கோடி அக்கா, சந்துக்குள்ளிருந்து தவழ்ந்து காலடிக்கு வந்து.

விரல் ஆடவில்லை.

“ஐயா! ஐயா, ஆட்டுங்க!”

கிருபையம்மாவின் வாய் திறந்தபடியே நின்றது. நான் முகத்தருகே குனிந்தேன். மனுஷன் பயத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு கிடக்கிறார். “ஐயா, பள்ளம் தாண்டிட்டோம்” என்று அவர் காதில் கத்தினேன்.

“தாண்டிட்டமா?” என்று ஒற்றைக் கண்ணைத் திறந்தார்.

“ஆடுது!” என்று அக்கா கூவினாள். “ரெண்டும் ஆடுது, எஸ்தரு! ரெண்டும் ஆடுது!”

நகரவில்லை

பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குள் வைக்கோல் பெட்டியோடு நுழைந்தபோது ஒரு நர்ஸம்மா தரையைக் காட்டித் திட்டினார். நியாயம்தான், பளபளவென்று துடைத்த தரை. உள்ளே கொண்டுபோய்ப் படமெடுத்துப் பார்த்துவிட்டுப் பெரிய டாக்டர் வெளியே வந்து, எங்கள் டாக்டரம்மாவிடம் ஒரே வார்த்தைதான் சொன்னார்: “நகரல.”

கிருபையம்மா தனக்கோடி அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதார். அக்கா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான் ஜமால் பாயைப் பார்த்தேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பித் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் மாதக்கணக்கில் மாவுக்கட்டு. பொம்மை அச்சு செய்ய எங்கள் கம்பெனியில் கரைத்து ஊற்றுகிற அதே மாவுதான். “உங்க ஊரு மாவு என்னைய உட மாட்டேங்குது” என்று பார்க்கப் போனவர்களிடமெல்லாம் சொன்னாராம். கிறிஸ்துமஸுக்கு மணியை வேறு யாரோ அடித்தார்கள். நட்சத்திரத்தையும் வேறு யாரோ கட்டினார்கள், கோணலாக. எங்களுக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

ஈஸ்டர் போய், வெயில் ஏறிய ஒரு வேலை நாள். ஷெட்டில் நாங்கள் பிரி முறுக்கிக்கொண்டிருந்தோம். வாசலில் ஒரு நிழல் விழுந்தது. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில் ஒரு தடி. பஸ்ஸை விட்டு இறங்கி, வீட்டுக்குக்கூடப் போகாமல், அந்த வெயிலில் நேராக ஷெட்டுக்கு நடந்தே வந்திருந்தார் உபதேசியார். பின்னால் கிருபையம்மா, பையைத் தூக்கிக்கொண்டு, வாயெல்லாம் பல்.

தனக்கோடி அக்கா கையிலிருந்த பிரியைக் கீழே போட்டாள். ஒருத்தி ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

“வேணாம்மா” என்றார். தடியைச் சுவரில் சாய்த்து வைத்தார். “நிக்கறேன். நின்னுக்கிட்டே ஒரு ஜெபம் பண்ணிட்டுப் போறேன். எல்லாரும் கண்ண மூடுங்க.”

வைக்கோலுக்காக ஜெபித்தார். அதை முறுக்கும் கைகளுக்காக, பெயர் சொல்லி ஒவ்வொருத்திக்காகவும் ஜெபித்தார். ஜமால் பாயின் லாரிக்காக, மங்கலம்பேட்டை மாட்டுக்காகக்கூட. ஜெபம் நீண்டுகொண்டே போயிற்று. அங்கே அத்தனை பேர் இருந்தோம், ஒருத்தியும் கண்ணை மூடவில்லை. எல்லாரும் அவர் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தோம்.